தொலைக்காட்சிச் சமையலும் சத்துணவு எழுத்தும்: டர்பனிலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்டது இது: "டர்பனில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டுவதும் சத்துணவு பற்றி எழுதுவதும்தான் தன் வேலை என்று பிடிவாதமாக இருக்கிறாள். அடுத்த ஆண்டுக்கான பாடங்களை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். இப்படி ஒரு தொழில் உண்மையில் உண்டா? சமையற்கலை படிக்க வைப்பதா, உணவியல் படிக்க வைப்பதா?"

உண்டு. ஆனால் அதை இரண்டு தொழில்களாகப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். சமைத்துக் காட்டுவது கைத்தொழில். சத்துணவு எழுதுவது கணக்குத் தொழில். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது, சேர்ந்தாலும் ஒன்றுக்கொன்று இடக்குப் பண்ணிக்கொண்டே இருக்கும். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அரசு மருத்துவமனைகளில் உணவியல் நிபுணராக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள். இடையிடையே சமையல் நிகழ்ச்சிகளுக்குக் குறிப்புகளைச் சரிபார்த்துக் கொடுத்ததும் உண்டு. ஆகவே திரைக்கு முன்னால் நிற்பவரைப் பற்றித் திரைக்குப் பின்னால் நின்றவள் சொல்வதாக இதைப் படியுங்கள். என் விடை உணவியல்தான். காரணத்தைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு தொழில்களும் ஒரே மனிதரிடம் மோதிக்கொண்டதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று கிரஹாம் கெர். 1934-இல் லண்டனில் பிறந்தவர். நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டு விமானப் படைக்கு உணவு ஆலோசகராக இருந்து, பிறகு கனடாவின் ஆட்டவாவில் பார்வையாளர்கள் முன்னிலையில் படமாக்கப்பட்ட 'கேலப்பிங் கூர்மே' நிகழ்ச்சியால் 1960-களின் இறுதியில் உலகப் புகழ் பெற்றார். கையில் ஒயின் கோப்பையுடன் துள்ளித் திரிவார். உருக்கிய வெண்ணெயும் பாலேடும் சட்டியில் தாராளமாக விழும். நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அவருடைய மனைவி ட்ரீனா. 1971-இல் ஒரு சாலை விபத்தோடு அந்த ஓட்டம் நின்றது. 1980-களின் நடுவில் ட்ரீனாவுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தபோது, கெர் தம் சமையலையே மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எத்தனை கிராம் கொழுப்பு என்று எண்ணத் தொடங்கினார். கொழுப்பைக் குறைத்த இடத்தில் மணம், நிறம், பல்லில் படும் பக்குவம் ஆகியவற்றைக் கூட்டுவது என்ற அந்த முறைக்கு 'மினிமேக்ஸ்' என்று பெயரிட்டு அதைக் கொண்டே மறுபடி தொலைக்காட்சிக்கு வந்தார், நூல்கள் எழுதினார். முதல் பாதியில் அவர் சமையல்காரர்; இரண்டாம் பாதியில் சத்துணவு எழுத்தாளர். நடுவே கணக்குப் படிக்க நேர்ந்தது வீட்டுக்குள் வந்த நோயால்.

கெர் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் எங்கள் நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றைய அரசு அதை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1976 ஜனவரி 5 அன்றுதான் முறையான ஒளிபரப்பு தொடங்கியது. அதுவும் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் மட்டும். இந்தியர்களுக்கென்று ரேடியோ லோட்டஸ் 1983-இல்தான் வந்தது. ஆகவே டர்பனில் சமையலால் பெயர் பெற்ற முந்தைய தலைமுறைப் பெண்கள் திரையால் அல்ல, அச்சாலும் மண்டபங்களாலும் அறியப்பட்டவர்கள். 1954-இல் தொடங்கிய பெண்கள் பண்பாட்டுக் குழு 1961-இல் 'இந்தியன் டிலைட்ஸ்' என்ற சமையல் நூலை வெளியிட்டது. தொகுத்தவர் ஜுலேகா மாயத். 1956 முதலே செய்தித்தாளில் பத்தி எழுதிவந்தவர். 2024-இல் தம் 97-ஆம் வயதில் காலமானார். குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் தொகுத்த அந்த நூல் தமிழர் வீடுகளின் அடுப்படி அலமாரியிலும் மஞ்சள் கறையோடு இருக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்ப் பாத்திரங்களோடு அதையும் வைத்து அனுப்புவார்கள். நூல் விற்ற பணம் மாணவர்களின் கல்வி உதவிக்குப் போனது. ஒரு கை, கண்ணளவு, வாசம் வரும்வரை என்றே சொல்லிப் பழகியவர்களின் சமையலைக் கோப்பைக்கும் கரண்டிக்கும் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் அண்ணன் மகள் செய்ய விரும்பும் வேலைக்கு இந்த ஊரில் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது என்பது என் கருத்து.

இனி கணக்கு என்று நான் சொல்வது என்ன என்பதை ஒரு நிகழ்வைக் கொண்டு காட்டுகிறேன். டர்பனில் இந்தியர்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோவில் மண்டபத்தில், புரட்டாசி மாதத்தில், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கான சமையல் விளக்கம் நடந்தது. புரட்டாசி முழுவதும் மீனும் இறைச்சியும் தொடாத குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்த ஒரு மாதத்தில் உடம்பு இளைத்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே உண்டு. சமைத்தவர் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற ஓர் அக்கா. சுகர் பீன்ஸ் என்று இங்கே சொல்லும் காய்ந்த பீன்ஸில் கறி, எட்டுப் பேருக்கு. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: அவர் அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்பு இரண்டு லிட்டர் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டேன்; கறியை இறக்கிய பிறகு மறுபடி வைத்தேன். 210 கிராம் குறைந்திருந்தது. "நாலு கரண்டிதானே ஊற்றினேன்" என்றார் அக்கா. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அவருடைய கரண்டி ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு மேசைக்கரண்டி கொள்ளும் குழிக்கரண்டி. கிராமுக்கு 9 கலோரி என்று வைத்தால் எண்ணெயிலிருந்து மட்டும் 1,890 கலோரி. ஒரு தட்டுக்கு 236. அதற்குப் பிறகுதான் பீன்ஸும் உருளைக்கிழங்கும், தொட்டுக்கொள்ள ரொட்டியும், பக்கத்தில் கொஞ்சம் சோறும். புரட்டாசியில் ஏன் எடை குறையவில்லை என்று மண்டபத்தில் யாரும் பிறகு கேட்கவில்லை.

அதே கறியை 60 மில்லி எண்ணெயில் மறுபடி செய்தோம். வெங்காயத்தில் முதலிலேயே உப்பைப் போட்டு மூடி வைத்தால் அதன் நீரிலேயே அது வதங்கிவிடும். அடி பிடிக்கும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். ஆனால் மசாலாத்தூளை எண்ணெயே இல்லாமல் வதக்க முடியாது. மிளகாயின் நிறமும் மல்லி சீரகத்தின் மணமும் பெரும்பாலும் கொழுப்பில் கரைபவை. எண்ணெய் மிகக் குறைந்தால் தூள் கருகிக் கசந்துவிடும். நாங்கள் முயன்று பார்த்ததில் எட்டுப் பேர் கறிக்கு 45 மில்லிக்குக் கீழே போனபோது கசப்பு தட்டியது. 60 மில்லியில் எண்ணெயின் பங்கு ஒரு தட்டுக்கு 62 கலோரி அளவில் நின்றது. சாப்பிட்ட பெண்கள் ருசியில் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் சொன்னதை மறக்க முடியாது: "எல்லாம் சரி, மேலே எண்ணெய் மிதக்கவில்லையே, வெந்ததா என்று எப்படித் தெரியும்?"

தொலைக்காட்சியின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மிதக்கும் எண்ணெய்தான் ஒளியில் மினுங்கும். படப்பிடிப்பில் உணவை அழகுபடுத்துபவர் தட்டு திரைக்குப் போவதற்கு முன்பு கறியின் மேல் தூரிகையால் எண்ணெய் தடவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குறிப்பில் இரண்டு மேசைக்கரண்டி என்று போட்டிருக்கும். பார்ப்பவர் கண்ணில் படுவதோ அதற்கு மேல். வீட்டில் சமைப்பவர் கண்ணால் கற்றுக்கொள்பவர் என்பதால் எழுத்து தோற்று, மினுக்கம் வெல்லும். மருத்துவமனையில் ஒரு நாள் ஒரு பெரியம்மா ஒரு சமையல் நிகழ்ச்சியைச் சொல்லி, "அதில் செய்ததைப் போலத்தான் செய்கிறேன், குறிப்பைத் தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன்" என்றார். அந்தத் தாளில் எண்ணெய் அளவு சரியாகவே இருந்தது. அவர் செய்துகாட்டிய கையசைவு மட்டும் திரையில் பார்த்ததாக இருந்தது.

படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் உங்கள் பெண் தெரிந்துகொள்வது நல்லது. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக ஏறத்தாழ 22 முதல் 24 நிமிடங்களே மிஞ்சும். ஆட்டுக்கறி வேக ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றால் ஒரே கறியை மூன்று பானைகளில், மூன்று பருவங்களில் வைத்திருப்பார்கள்: வெங்காயம் நிறம் மாறும் பருவம், பாதி வெந்தது, முடிந்தது. முதல் பானையில் உப்புப் போட்டவரும் மூன்றாவது பானையில் ருசி பார்ப்பவரும் ஒரே ஆள்தான், ஆனால் அவை வேறு வேறு கறிகள். ஆகவே நிகழ்ச்சியில் சொல்லப்படும் அளவுகளை யாரேனும் ஒருவர் ஆரம்பம் முதல் முடிவுவரை ஒரே பானையில் செய்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காத நிகழ்ச்சிகளும் உண்டு. அளவுக் கோப்பையிலேயே வேறுபாடு இருப்பதைப் பலர் அறியமாட்டார்கள்: தென்னாப்பிரிக்காவில் கோப்பை 250 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்பை அப்படியே எடுத்துப் படித்தால் உப்பில் கால் பங்கு குறைந்துபோகும். சத்துக் கணக்குப் போடுபவருக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி. அதே அரிசி நீரை உறிஞ்சிச் சோறான பிறகு 100 கிராமில் 130. எடை போட்டது வேகுமுன்னா வெந்த பின்னா என்று எழுதாத குறிப்பை நான் கையில் எடுப்பதில்லை. இங்கே மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொகுத்துள்ள உணவுச் சத்து அட்டவணைகள் இருக்கின்றன. மக்காச்சோள மாவுக் கூழும் நம் ஊர் ரொட்டியும் அயல்நாட்டு அட்டவணையில் சரியாக அகப்படாது.

இப்போது படிப்பு. தென்னாப்பிரிக்காவில் உணவியல் நிபுணர் என்பது யாரும் போட்டுக்கொள்ளக்கூடிய பெயர் அல்ல. நான்காண்டுப் பட்டம், அதன்பின் ஓராண்டு சமூகப் பணி, சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு ஆகியவை வேண்டும். நம் மாகாணத்தில் இந்தப் பட்டப்படிப்பை குவாசூலு-நடால் பல்கலைக்கழகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் நடத்துகிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உணவும் சத்தும் சேர்ந்த நுகர்வோர் அறிவியல் படிப்பு ஒன்று உண்டு. சமையற்கூடத்தில் அதிக நேரம் நிற்க விரும்பும் பெண்ணுக்கு அதுவும் தகும். ஆனால் நோயாளிக்குத் தனிப்பட்ட முறையில் உணவுத் திட்டம் கொடுக்கும் உரிமை உணவியல் பட்டமும் பதிவும் தருவது. சமையற்கலைப் பள்ளி பற்றிச் சொல்ல அதிகமில்லை: கத்தி பிடிக்கவும் வேகமாக வேலை செய்யவும் கற்பிப்பார்கள், செலவு அதிகம், அந்தக் கையைப் பட்டம் முடித்த பிறகு ஒரு நல்ல உணவகத்தில் ஓராண்டு நின்றும் பெறலாம். எதிர்த்திசையில் இது நடப்பதில்லை. சமையல்காரராகப் பெயர் வாங்கிய பிறகு வேதியியல் படிக்க உட்கார்ந்தவரை நான் பார்த்ததில்லை.

பதிவு வாங்கினால் பொறுப்பும் கூடவே வரும். இதற்கு இந்த நாட்டிலேயே பெரிய வழக்கு ஒன்று நடந்தது. மருத்துவரும் விளையாட்டு அறிவியல் பேராசிரியருமான டிம் நோக்ஸ், மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறையைப் பரப்பிவந்தவர். 2014 பிப்ரவரியில் தாய்ப்பால் கொடுக்கும் ஒரு பெண் ட்விட்டரில் அந்த உணவுமுறை பற்றிக் கேட்டதற்கு அவர் கொடுத்த சிறு பதில் மீது புகார் எழுந்து, மன்றத்தின் முன் விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2017 ஏப்ரலில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீடும் 2018-இல் தள்ளுபடியாயிற்று. நோக்ஸின் உணவுமுறையை நான் ஏற்கவில்லை, ஆனால் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். இங்கே நான் கவனிக்கச் சொல்வது வேறு: எல்லாருக்கும் பொதுவாகத் தகவல் சொல்வதும் ஒரு தாய்க்கு மருத்துவ ஆலோசனை சொல்வதும் எங்கே பிரிகின்றன என்று தீர்மானிக்க ஒரு நாடு அத்தனை ஆண்டுகள் செலவழித்தது. பத்தி எழுதும் பெண்ணுக்கு வாசகர் கடிதங்கள் வரும், "எனக்குச் சர்க்கரை 14, இன்சுலின் போடுகிறேன், விரதம் இருக்கலாமா?" என்று கேட்பார்கள் (இங்கே சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் என்று அளப்பார்கள்; 14 என்பது அதிகம்). அதற்குப் பத்தியில் விடை எழுதக்கூடாது. எழுதாமல் இருக்கத் தெரிவதற்கே பாதிப் படிப்பு வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்டிருப்பீர்கள். திரையில் வரும் ஊதியத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது. பெரும்பாலோர் நோயாளிகளைப் பார்த்தோ, கற்பித்தோ, உணவு நிறுவனங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தோதான் பிழைக்கிறார்கள். கூட வரும் ஆபத்து விளம்பரதாரர். அமெரிக்காவில் வெண்ணெயும் சர்க்கரையுமாகச் சமைத்துப் புகழ்பெற்ற பாலா டீன், தமக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதை 2012 ஜனவரியில் வெளியிட்டார். நோய் கண்டறியப்பட்டு அதற்குள் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, வெளியிட்ட அன்றே ஒரு நீரிழிவு மருந்து நிறுவனத்தின் விளம்பர முகமாகவும் இருந்தார். கெர் வீட்டில் நேர்ந்ததும் இவருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் சட்டியைத் திருத்தினார், மற்றவர் மருந்தை விற்றார் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பேச்சு கொஞ்சம் கடுமைதான், ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எழுதுவதற்கு விஷயம் இருக்குமா என்ற கவலை டர்பனில் வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் மக்கட்பிரிவுகளில் நீரிழிவு அதிகமாகக் காணப்படுவது இந்தியரிடம். சட்டங்களும் தட்டுக்குள் வந்துவிட்டன. 2018 ஏப்ரல் 1 முதல், 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு, மிஞ்சும் ஒவ்வொரு கிராமுக்கும் வரி உண்டு. ரொட்டியில் உப்புக்கு 2013-இல் விதி எழுதி, 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்று 2016-இலும், 380 என்று 2019-இலும் உச்சவரம்பு வைத்தார்கள். இதை வைத்து உங்கள் பெண் நம் ஊர்ப் பன்னி சௌவை, அதாவது உள்ளே குடைந்த ரொட்டித் துண்டில் கறி ஊற்றித் தரும் உணவைப் பற்றி எழுதட்டும். 700 கிராம் வெள்ளை ரொட்டியில் கால் பங்கு என்றால் 175 கிராம். சோடியம் வரம்பளவு இருந்தால் ரொட்டியில் மட்டும் 665 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 2,000-க்குக் கீழே. நாளின் மூன்றில் ஒரு பங்கு உப்பு, உள்ளே கறி ஊற்றுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. பன்னி சாப்பிடாதே என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். கறியில் உப்பைப் பாதியாக்கி, ஆட்டுக்கறிக்குப் பதில் பீன்ஸ் ஊற்றி, ஒரு பன்னியை இருவர் பகிர்ந்துகொண்டால் கணக்கு எப்படி மாறுகிறது என்று எழுதினால் படிப்பார்கள்.

நல்லதையும் எழுத வேண்டும். நாட்டின் உணவு வழிகாட்டிகளில் ஒன்று காய்ந்த பீன்ஸ், பட்டாணிப் பருப்பு, மைசூர்ப் பருப்பு, சோயா ஆகியவற்றை அடிக்கடி உண்ணச் சொல்கிறது. கப்பலில் வந்த நாள்முதல் நம்மவர்கள் கைவிடாத சட்டி அது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் காய்ச்சும் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் கேழ்வரகு, இங்கே மக்காச்சோள மாவு. பெயர் நின்றது, தானியம் மாறியது. 2003 அக்டோபர் முதல் இந்த நாட்டில் விற்கும் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் உள்ளிட்ட சத்துகளைச் சேர்ப்பது கட்டாயம். கேழ்வரகின் கால்சியம் அதில் இல்லை, ஆனால் புளித்த பால் ஊற்றிக் குடிக்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வந்துவிடுகிறது. வீட்டில் தமிழ் பேச்சு குறைந்துபோன இந்த ஊரில் ரசம், வடை, கூழ் என்ற சொற்கள் அடுப்படியில்தான் பிழைத்துக் கிடக்கின்றன என்பதால், ஆங்கிலத்தில் எழுதினாலும் அந்தப் பெயர்களை அப்படியே விடச் சொல்லுங்கள்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியது. பாடத் தேர்வுப் படிவத்தில் கணிதத்தை விட்டுவிட்டு மேத்ஸ் லிட் என்னும் எளிய அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுத்தால் உணவியல் பட்டத்துக்கு வழி அடைபட்டுவிடும். முழுக் கணிதம், உயிர் அறிவியல், இயற்பியல் அறிவியல் மூன்றும் இருக்கட்டும். சரியான சேர்க்கை விதியைப் பல்கலைக்கழகத்திடம் அண்ணனே நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. சமையலுக்கு இப்போதைக்கு ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசும் ஒரு நோட்டும் போதும். வீட்டில் ஆயாவோ அம்மாவோ சமைக்கும் பத்துக் கறிகளை, ஒவ்வொன்றையும் மூன்று முறை, பாட்டிலை முன்னும் பின்னும் எடை போட்டு எழுதட்டும். நோட்டின் முதல் வரியில், ஆயாவின் குழிக்கரண்டியில் தண்ணீர் ஊற்றி அது எத்தனை மில்லி கொள்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளட்டும்.